டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடலாமா? – மாணவர் வானொலி கேள்வி-பதில்

கல்லூரி வளாக வானொலிகளை இணையத்துக்குக் கொண்டுபோவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலரும் கேட்டிருந்தவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தந்திருக்கிறோம். சொற்களைச் சுருக்கியிருக்கிறோம், கேள்வியின் பொருளை மாற்றவில்லை.

எங்கள் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பழசாகிவிட்டது. "எல்லாரும் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள், உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இணையத்துக்குப் போய்விடுங்கள்" என்கிறது நிர்வாகம். போகலாமா?
*– நிலையப் பொறுப்பு ஆசிரியர்*

இணையத்துக்குத் தாராளமாகப் போங்கள். உரிமத்தை மட்டும் கையைவிட்டு விடாதீர்கள். இவை இரண்டு தனித்தனி முடிவுகள். நிர்வாகங்கள்தான் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன.

எஃப்எம்மில் ஒருவர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டர் இழுக்கிற மின்சாரம் ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் சர்வர் தனித்தனிப் பிரதி அனுப்பியாக வேண்டும். ஆள் கூடக் கூடச் செலவு ஏறும், கேட்பவரின் டேட்டாவும் கரையும். நெட்வொர்க் படுத்துவிட்ட நாளில் ஜெனரேட்டரில் ஓடும் டிரான்ஸ்மிட்டரும் பேட்டரி ரேடியோவும் போதும், செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

விட்ட அலைவரிசை திரும்பக் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவில் பதிவான உதாரணம் உண்டு. ரைஸ் பல்கலைக்கழகம், மாணவர் நிலையமான கேடிஆர்யூவின் 50,000 வாட் எஃப்எம் அலைவரிசையை ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 95 லட்சம் டாலருக்கு விற்க 2010-ல் முடிவெடுத்தது. 2011-ல் அது கைமாறியது. மாணவர்கள் இணையத்தில் தொடர்ந்தார்கள். 2015-ல் மறுபடி எஃப்எம்முக்கு வந்தபோது கிடைத்தது குறைந்த சக்தி உரிமம்தான். அந்த வகைக்கு அங்கே உச்சவரம்பு 100 வாட். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஆர்வியூவும் 2011-ல் எஃப்எம்மை இழந்து இணைய நிலையமானது.

பழசு என்பதாலேயே டிரான்ஸ்மிட்டரைக் கழித்துவிட வேண்டியதில்லை. முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்: விசிறியும் அதன் தூசி வடிகட்டியும், பவர் சப்ளையில் உப்பிப்போன கெப்பாசிட்டர்கள், ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளின் கனெக்டர். மூன்றாவதுதான் பெரும்பாலும் குற்றவாளி. மழைநீர் இறங்கிய கனெக்டர் சக்தியை மேலே விடாமல் திருப்பி அனுப்பும். 50 வாட் போகும்போது மீட்டரில் 2 வாட்டுக்குள் திரும்பி வந்தால் கவலையில்லை. 5 வாட்டைத் தாண்டினால் கோபுரத்துக்கு ஆள் ஏற்றுங்கள். திரும்பி வரும் சக்தி மிகுந்தால் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைக்கும். "பழசாகி வலுவிழந்துவிட்டது" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அதுவாகவும் இருக்கலாம்.

குறைந்தது ஒரு வருடமாவது இரண்டிலும் சேர்த்து ஒலிபரப்புங்கள். அதன் பிறகு நிர்வாகத்தோடு பேச உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

எங்களிடம் எஃப்எம் இல்லை. இணையத்தில் மட்டும் தொடங்க விரும்புகிறோம். என்னென்ன வேண்டும்?
*– இரண்டாமாண்டு மாணவி*

ஒலி போகும் பாதையை வைத்தே சொல்கிறோம்: மைக், மிக்சர், யுஎஸ்பி சவுண்ட் கார்டு, கணினி, அதில் என்கோடர் (ஒலியைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்பும் மென்பொருள்), வெளியே ஒரு சர்வர், கடைசியில் நேயரின் கைப்பேசி.

மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும். கண்டென்சர் மைக் உயர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். சுவருக்குப் பஞ்சுப்பலகை அடிக்காத வகுப்பறையில் அது விசிறி, நாற்காலி, எதிரொலி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். வாயிலிருந்து நான்கு விரல் தூரம், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். "ப" சொல்லும்போது வரும் ஊதல் அதிலேயே பாதி குறைந்துவிடும். பேச்சின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடையும்; டிஜிட்டலில் உடைந்ததை ஒட்ட முடியாது.

என்கோடராக "பட்" என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பாட்டும் சேர்த்துப் போட "மிக்ஸ்" என்ற இலவச டிஜே மென்பொருளில் நேரலை அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. சர்வருக்கு ஐஸ்காஸ்ட், அதுவும் இலவசம். சர்வரைக் கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் வைக்காதீர்கள். வெளியே வாடகைக்குக் கிடைக்கும் சிறிய சர்வரில் வையுங்கள். அப்போது வளாகத்திலிருந்து வெளியே போவது ஒரே ஒரு பிரதிதான். நேயர்கள் வெளியிலிருக்கும் சர்வரிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

வேலை வரிசை இப்படி. சர்வரில் ஐஸ்காஸ்ட் நிறுவியதும் அமைப்புக் கோப்பைத் திறந்து, அதில் "ஹேக்மீ" என்று இருக்கும் கடவுச்சொற்கள் அத்தனையையும் மாற்றுங்கள். உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல் அது. மாற்றாவிட்டால் உங்கள் நிலையத்தில் யாரோ பாட்டுப் போடுவார்கள். நேயர் வரம்பு 100 என்று இருக்கும், தேவைக்கேற்ப உயர்த்துங்கள். பிறகு "பட்"டில் சர்வர் முகவரி, 8000 என்ற போர்ட், கடவுச்சொல், மவுண்ட் பெயர் ஆகிய நான்கையும் நிரப்பி, சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மவுண்ட் பெயர் என்பது சர்வரில் உங்கள் ஒலிக்கான தனி முகவரி, அது சாய்கோட்டில் (/) தொடங்க வேண்டும்.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள். கணினிக்குக் கம்பி வழி இணைப்பு கொடுங்கள், வைஃபை வேண்டாம். உறக்கநிலையையும் தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்துங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகளை முற்றிலும் அணையுங்கள். இரங்கல் நிகழ்ச்சியின் நடுவே மின்னஞ்சல் வந்த "டிங்" ஓசை காற்றில் போவதை நேயர் லேசில் மறக்க மாட்டார்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்க முடியும்? சேவை நிறுவனம் "வரம்பற்றது" என்கிறது. நம்பலாமா?
*– கணினித் துறை மாணவர்*

வரம்பற்றது என்று எதுவும் கிடையாது. பெருக்கிப் பாருங்கள். விநாடிக்கு 128 கிலோபிட் ஸ்ட்ரீமை (இணையத்தில் தொடர்ந்து ஓடும் ஒலியை) ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 57.6 மெகாபைட். நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வரிலிருந்து விநாடிக்கு 12.8 மெகாபிட் வெளியே போகும். நெட்வொர்க்கின் சொந்தச் சுமைக்காக இன்னொரு பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி 781 பேருக்கு இடம் உண்டு. நடைமுறையில் 500-க்கு மேல் திட்டமிட வேண்டாம். ஐஸ்காஸ்டுக்குப் பெரிய கணினி தேவைப்படாது, நெருக்கடி எப்போதும் வெளியே போகும் குழாயில்தான். மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும். இரவு பகலாகச் சராசரி 20 பேர் கேட்டால் 30 நாளில் ஏறக்குறைய 830 ஜிகாபைட். சராசரி 100 என்றால் 4 டெராபைட்டைத் தாண்டும். "வரம்பற்றது" என்று விற்பவரிடம், மாதம் எத்தனை டெராபைட்டுக்கு மேல் வேகத்தைக் குறைப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரி விழா, தேர்தல் முடிவு, இறுதிப் போட்டி என்று வருடத்தில் ஓரிரு நாள்தான் கூட்டம் வரும். அதற்காக வருடம் முழுக்கப் பெரிய சர்வருக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். அன்றைக்கு மட்டும் இன்னொரு சர்வர் எடுத்து, ஐஸ்காஸ்டின் ரிலே வசதியில் இணையுங்கள். முதல் சர்வரிடமிருந்து ஒரு பிரதி வாங்கி, தன் பங்குக்கு நேயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

ஸ்ட்ரீமுக்கு எந்த ஒலி வடிவம்: எம்பி3-யா, ஏஏசி-யா, ஓபஸா?
*– பெயர் குறிப்பிடாத வாசகர்*

ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் எம்பி3, 128 கிலோபிட், ஸ்டீரியோ. பாடாத கருவியே இல்லை. இரண்டு வைக்க முடிந்தால் டேட்டா சிக்கனம் பார்ப்பவர்களுக்காக எச்இ-ஏஏசி 48 கிலோபிட்டில் ஒன்று, மணிக்கு 21.6 மெகாபைட்தான் ஆகும். 64 கிலோபிட்டில் ஓபஸ் அருமையாக இருக்கும், ஆனால் பழைய ஆப்பிள் கருவிகள் சிலவற்றில் நேரலையாகப் பாடாது. பாட்டுக் களஞ்சியத்தை மட்டும் 128 கிலோபிட் எம்பி3-யாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே பிழிந்ததை ஸ்ட்ரீமுக்காக இன்னொரு முறை பிழிவீர்கள். ஜால்ரா ஒலி தண்ணீரில் நனைந்தது போல வரும். தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்புகள் வைப்பது நல்லது, இல்லையென்றால் 256 கிலோபிட்டுக்கு மேல்.

இரவில் ஆளில்லாதபோது ஸ்ட்ரீம் நின்றுவிடுகிறது. சில நேரம் இணைப்பு பச்சையாகவே இருக்கிறது, ஆனால் சத்தமே இல்லை. காலையில் வந்துதான் தெரிகிறது.
*– நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர், மாணவர் மன்றம்*

இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு. பலர் முதல் நோயின் மருந்தை இரண்டாவதுக்குக் கொடுத்துவிட்டு, "கேட்கவில்லையே" என்கிறார்கள்.

ஸ்ட்ரீம் அறுந்து போவது முதல் நோய். நிலையத்தின் இணைப்பு போய்விட்டது, அல்லது கணினி அணைந்துவிட்டது. ஐஸ்காஸ்டில் ஃபால்பேக் மவுண்ட் என்றொரு அமைப்பு உண்டு. முதன்மை ஸ்ட்ரீம் அறுந்தவுடன் நேயர்களைத் துண்டிக்காமல் மாற்று ஸ்ட்ரீமுக்கு நகர்த்தும். மாற்று ஸ்ட்ரீம், வெளியிலிருக்கும் சர்வரிலேயே ஓடும் பாட்டுப் பட்டியலாக இருக்கலாம். பக்கத்திலேயே ஃபால்பேக் ஓவர்ரைடு என்ற வரி இருக்கும். அதில் 1 என்று போட்டால்தான் முதன்மை திரும்பியதும் நேயர்களும் திரும்புவார்கள். மறந்தால் நீங்கள் ஸ்டூடியோவில் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள், பழைய நேயர்கள் அத்தனை பேரும் பாட்டுப் பட்டியலையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதன்மையும் மாற்றும் ஒரே வடிவம், ஒரே பிட்ரேட், ஒரே சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) இருக்க வேண்டும். முதன்மை எம்பி3, மாற்று ஏஏசி என்றிருந்தால் கைப்பேசி பிளேயர் அங்கேயே செத்துவிடும்.

இரண்டாவது நோய் மௌனம். மிக்சரில் யாரோ ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் நெம்பை) இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அல்லது கணினி மறுபடி தொடங்கியபோது யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்குப் பதிலாக உள் மைக்கைப் பிடித்திருக்கும். என்கோடர் மௌனத்தையும் ஒழுங்காக எம்பி3-யாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐஸ்காஸ்டைப் பொறுத்தவரை ஸ்ட்ரீம் உயிரோடிருக்கிறது, எனவே ஃபால்பேக் வேலை செய்யாது. இதற்கு மௌனத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதி இயக்கும் லிக்விட்சோப் என்ற மென்பொருளில் அது உண்டு: இத்தனை விநாடி, இத்தனை டெசிபெலுக்குக் கீழே என்று சொல்லிவைத்தால் தானாக மாற்றுக்குப் போகும். 20 விநாடி, மைனஸ் 40 டெசிபெல் என்று தொடங்குங்கள். 5 விநாடி என்று வைத்தால் நாடகத்தில் வரும் இடைவெளியில் பாட்டு புகுந்துவிடும்.

ஸ்கிரிப்ட் எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு அசுராகாஸ்ட். ஐஸ்காஸ்டும் லிக்விட்சோப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன, உலாவியிலிருந்தே எல்லாவற்றையும் நடத்தலாம். தானியங்கிப் பாட்டுப் பட்டியல், நேரலைக்கு ஒவ்வொரு தொகுப்பாளருக்கும் தனிக் கடவுச்சொல் எல்லாம் உண்டு. தனிக் கடவுச்சொல்லின் அருமை படிப்பு முடிந்து ஒரு தொகுதி மாணவர் போகும்போது தெரியும்: போனவர்களின் கணக்கை மூடினால் போதும், மற்ற எல்லோருக்கும் மாற்ற வேண்டியதில்லை.

எஃப்எம்மில் எங்கள் ஒலி அட்டகாசமாக இருக்கிறது. அதே ஒலியை இணையத்துக்குக் கொடுத்தால் காதைக் குத்துகிறது. சில கைப்பேசிகளில் தொகுப்பாளரின் குரலே காணாமல் போகிறது.
*– ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்*

காதைக் குத்துவதற்குக் காரணம், நீங்கள் ஒலியை எடுத்த இடம். டிரான்ஸ்மிட்டருக்குப் போகுமுன் ஒலியைப் பதப்படுத்தும் எஃப்எம் பிராசஸரின் வெளியீட்டிலிருந்து எடுத்திருப்பீர்கள். எஃப்எம்மில் இரைச்சலைக் குறைக்க உச்ச அதிர்வெண்களை வேண்டுமென்றே தூக்கி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ப்ரீ-எம்பசிஸ். கேட்பவரின் ரேடியோ அதே அளவு இறக்கிக்கொள்ளும். வட, தென் அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் இது 75 மைக்ரோவிநாடி, உலகின் பெரும்பகுதியில் 50. கைப்பேசி பிளேயருக்கு இறக்கத் தெரியாது, தூக்கியது தூக்கியபடியே காதில் விழும். எனவே இணையத்துக்கான ஒலியைப் பிராசஸருக்கு முன்னாலேயே, மிக்சரின் வெளியீட்டிலேயே பிரித்தெடுங்கள். எஃப்எம்முக்காக உச்சியை வெட்டும் கிளிப்பரும் இணையத்துக்கு ஆகாது. வெட்டிய ஒலியில் பிறக்கும் கரகரப்பை என்கோட் செய்யவே பாதி பிட் செலவாகிவிடும்.

குரல் மறைவது அதைவிட விசித்திரமாகத் தோன்றும், காரணம் ரொம்பச் சாதாரணம். மிக்சரிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் இரண்டு கேபிள்களில் ஒன்றின் மூன்று முனைக் கனெக்டரில் இரண்டாம், மூன்றாம் முனைகள் மாறிச் சால்டர் ஆகியிருக்கும். இடது பக்கம் அலை மேலே போகும்போது வலது பக்கம் கீழே போகும். ஹெட்போனில் கேட்டால் என்னவோ அகலமாக இருப்பது போலத் தோன்றும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைப்பேசி இரண்டையும் கூட்டும்போது, நடுவில் இருக்கும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பக்கவாட்டில் இருக்கும் இசை மிச்சமிருக்கும். மானிட்டரில் மோனோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். குரல் மெலிந்தால் கேபிள்தான். வாரம் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்வது நல்லது, ஏனென்றால் கேபிளை யாராவது மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள்.

பாட்டு சத்தமாகவும் பேச்சு மெதுவாகவும் இருப்பதாகப் பலர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் இங்கேயே: பாட்டுகளுக்கு ரீப்ளேகெயின் (ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் அளந்து சமப்படுத்தும் முறை) போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசரை 3-க்கு 1 விகிதத்தில் வைத்து, உரக்கப் பேசும்போது 6 டெசிபெல் அளவு குறைகிற மாதிரி அமையுங்கள். மொத்த ஒலி மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அலகு) சுற்றி, உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை "டக்" என்று ஒரு வெட்டு. இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது.
*– அதே ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்*

வெட்டு சீரான இடைவெளியில் வருகிறதென்றால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். ஒலியை உள்ளே எடுக்க ஒரு சவுண்ட் கார்டும் வெளியே விட இன்னொன்றும் வைத்திருப்பீர்கள். இரண்டின் கடிகாரமும் ஒருபோதும் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் நூறு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு நாளில் 8.64 விநாடி விலகல். பஃபர் (ஒலி சற்று நேரம் தங்கிப்போகும் தற்காலிக இடம்) நிரம்பி வழியும் அல்லது வறண்டு போகும், அப்போதெல்லாம் "டக்". உள்ளும் வெளியும் ஒரே கார்டாக்குங்கள். 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் என்று கலந்து வைக்காமல் எல்லா இடத்திலும் ஒரே சாம்பிள் ரேட் வையுங்கள்.

நேயர் தொலைபேசியில் பேசும்போது தன் குரலே எதிரொலிக்கிறது என்கிறார். நேரலை ஏன் அரை நிமிடம் பின்தங்குகிறது?
*– முதலாமாண்டு தொகுப்பாளர்*

பின்தங்கலை முதலில் முடித்துவிடுவோம். நேயர் இணைந்தவுடன் பாட்டு உடனே தொடங்குவதற்காக ஐஸ்காஸ்ட் 64 கிலோபைட்டை ஒரேயடியாகக் கொட்டும். 128 கிலோபிட்டில் அது 4 விநாடி. என்கோடரும் பிளேயரும் தங்கள் பங்குக்கு வைத்துக்கொள்ளும் பஃபரையும் சேர்த்தால் 10 முதல் 30 விநாடி ஆகிவிடும். கொட்டும் அளவைக் குறைக்கலாம். குறைத்தால் பேருந்தில் போகும் நேயருக்கு அடிக்கடி அறுபடும். எங்கள் யோசனை, அதை அப்படியே விட்டுவிடுங்கள். நேரம் சொல்லும்போது மட்டும் விநாடிக் கணக்கில் "டிங் டிங்" அடிக்காதீர்கள், கேட்பவருக்குத் தவறான நேரம்தான் போய்ச் சேரும்.

எதிரொலிக்கு மருந்து மிக்ஸ்-மைனஸ். அழைத்தவருக்கு எல்லா ஒலியும் போக வேண்டும், அவருடைய குரலைத் தவிர. மிக்சரில் ஆக்ஸ் (வேண்டிய ஒலிகளை மட்டும் கலந்து தரும் தனி வெளியீடு) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஃபேடருக்கு முன் என்ற நிலையில். தொகுப்பாளர் மைக்கின் ஆக்ஸ் குமிழை ஏற்றுங்கள், பாட்டின் குமிழையும் கொஞ்சம் ஏற்றுங்கள். தொலைபேசி வரும் சேனலின் ஆக்ஸ் குமிழை இடது கோடி வரை, பூஜ்யம் வரை திருப்புங்கள். ஆக்ஸ் வெளியீட்டைத் தொலைபேசியின் மைக் உள்ளீட்டில் கொடுங்கள். கைப்பேசியின் நான்கு தொடுமுனை ஜாக் மைக் மட்டத்தை எதிர்பார்க்கும், மிக்சர் தருவதோ லைன் மட்டம். நடுவில் 40 டெசிபெல் குறைப்பான் இல்லையென்றால் அழைத்தவருக்குக் கொரகொரவென்றுதான் கேட்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் எதிரொலித்தால், அவர் பக்கத்தில் இன்னொரு கைப்பேசியில் உங்கள் நிலையத்தையே வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காற்றில் எடுப்பதற்கு முன்பே, "ரேடியோவை அணைச்சிட்டீங்களா?" என்று கேட்பதைத் தயாரிப்பாளரின் கடமையாக்குங்கள்.

வலைப்பக்கத்தில் பிளேயர் வைத்தோம். சிலருக்குப் பாடவே இல்லை. வளாக வைஃபையில் யாருக்குமே பாடவில்லை.
*– இணையதளப் பராமரிப்பாளர்*

ஒரே காரணம் இரண்டு முகம் காட்டுகிறது. உங்கள் பக்கம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ், ஸ்ட்ரீம் சாதா எச்டிடிபி, 8000 போர்ட். உலாவிகள் இப்படிக் கலப்பதைத் தடுக்கும், வளாக ஃபயர்வால்கள் 8000-ஐத் தடுக்கும். சர்வரில் ஐஸ்காஸ்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் ப்ராக்ஸி (நேயரின் கோரிக்கையை வாங்கி உள்ளே கைமாற்றும் மென்பொருள்) ஒன்றை வைத்து, 443 போர்ட்டில் சான்றிதழோடு கொடுங்கள், இரண்டும் தீரும். அதில் பஃபரிங்கை அணைக்க மறக்காதீர்கள்.

பிளேயரில் ப்ரீலோடை (அழுத்தும் முன்பே ஒலியை இறக்கும் வசதியை) "இல்லை" என்று வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைத் திறந்து பார்ப்பவரெல்லாம் பாட்டைத் தொடாமலே பேண்ட்வித்தைக் குடிப்பார்கள். நிறுத்திவிட்டு அரை மணி கழித்து மறுபடி அழுத்தினால் பழைய ஒலி வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடைநிறுத்தும்போது முகவரியையே நீக்கிவிட்டு, மறுபடி அழுத்தும்போது புதிதாக இணையும்படி எழுதுங்கள்.

எஃப்எம்மில் போட்ட பாட்டை இணையத்தில் போட ஏன் தனி உரிமம்?
*– மாணவர் மன்றச் செயலாளர்*

பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இயற்றியவருடையது ஒன்று, ஒலிப்பதிவுடையது ஒன்று. எதற்கு, யாருக்குக் கட்ட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவது அமெரிக்காவில். அங்கே எஃப்எம் நிலையம் இயற்றியவர் தரப்புக்கு மட்டும் கட்டினால் போதும். இணையத்துக்குப் போனவுடன் ஒலிப்பதிவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதை வசூலிப்பது சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு. இதற்கு வித்திட்டவை 1995, 1998 ஆண்டுச் சட்டங்கள்.

அந்த உரிமத்தோடு நிபந்தனைகளும் வரும். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கூடாது. ஒரே கலைஞரின் பாட்டு நான்குக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக மூன்றுக்கு மேல் கூடாது. அடுத்து என்ன பாட்டு என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடக் கூடாது. "இன்று மூன்று மணி நேரமும் ஒரே இசையமைப்பாளர்" என்ற மாணவர் வானொலியின் செல்ல நிகழ்ச்சிகூட, பாடகர்களையும் ஆல்பங்களையும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் தப்பும். லாப நோக்கற்ற நிலையங்களுக்கு மாதம் 159,140 நேயர்-மணி (ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு நேயர்-மணி) என்ற எல்லையும் உண்டு. அதாவது இரவு பகலாகச் சராசரி 218 பேர். மாணவர் நிலையங்களில் பெரும்பாலானவை அதன் கிட்டேகூடப் போகாது.

எந்த நாட்டில் இருந்தாலும் தொடக்கத்திலேயே ஒரு பதிவேடு திறந்துவிடுங்கள்: பாட்டு, கலைஞர், ஆல்பம், போட்ட நேரம், அப்போதிருந்த நேயர் எண்ணிக்கை. பாட்டோடு நிகழ்ச்சியைப் பதிவிறக்கக் கொடுப்பது வேறு கதை. நேரலை உரிமம் அதைத் தாங்காது. பேச்சை மட்டும் வெட்டியெடுத்து பாட்காஸ்டாகப் போடுங்கள்.

இணையத்தில் முதலில் ஒலிபரப்பிய மாணவர் வானொலி எது?
*– பெயர் குறிப்பிடாத வாசகர்*

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாக நிலையமான டபிள்யூஎக்ஸ்ஒய்சி, 1994 நவம்பர் 7-ல் தன் எஃப்எம் ஒலியை இணையத்திலும் விட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சியூ-சீமி என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஜார்ஜியா டெக்கின் டபிள்யூஆர்இகே நிலையமும் அதே நாளைச் சொல்லி உரிமை கொண்டாடும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் யோசனை இன்னும் பழசு: 1936-ல் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் விடுதிக் கட்டடங்களுக்குக் கம்பி வழியாகவே குறைந்த சக்தி ஒலியை அனுப்பினார்கள்.

ஐஸ்காஸ்ட் பக்கத்தில் 300 நேயர் என்று காட்டுகிறது. விளம்பரதாரரிடம் சொல்லலாமா?
*– வளாக இதழ்–வானொலிக் குழு*

சொல்லாதீர்கள். அது இணைப்புகளின் எண்ணிக்கை. அறுந்து அறுந்து இணையும் ஒரே நேயர் ஒரு மணி நேரத்தில் பத்து இணைப்பாகப் பதிவாகலாம். வானொலிப் பட்டியல் தளங்களின் தானியங்கிகளும் "உயிரோடிருக்கிறதா" என்று வந்து தட்டிப் பார்க்கும். உங்கள் ஸ்டூடியோவில் சோதனைக்காக நாள் முழுக்க ஓடும் கைப்பேசியும் இதில் ஒன்று. அணுகல் பதிவை எடுத்து, ஒரு நிமிடத்துக்குக் குறைவான இணைப்புகளை நீக்குங்கள். உங்கள் சொந்த முகவரிகளையும் நீக்குங்கள். மிச்சமுள்ள விநாடிகளைக் கூட்டி 3600-ஆல் வகுத்தால் கிடைப்பது நேயர்-மணி. அதை ஒலிபரப்பிய மணிகளால் வகுத்தால் சராசரி நேயர். 300 என்று காட்டிய இடத்தில் 25 வந்தால் திகைக்க வேண்டாம், விளம்பரதாரரிடம் அந்த 25-ஐயே சொல்லுங்கள். கூடவே அவர்கள் சராசரி எத்தனை நிமிடம் கேட்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள்.